பொருந்துவாய்

ஒழுகுவது குழாய் அல்ல. குழாயும் குழாயும் சேருகிற இடம். இருபது அடி ஜி.ஐ. குழாய் மண்ணுக்குள் கிடந்து ஒரு தலைமுறையைத் தாங்கிவிடும். அதன் நுனியில் வெட்டிய முக்கால் அங்குல மரைதான் பாதி ராத்திரியில் வீட்டை நனைக்கும். பிளம்பர்கள் இதைத் தத்துவமாகச் சொல்வதில்லை. "ஜாயிண்ட்ல விடுது" என்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் பானம் காய்ச்சுகிறவர்களின் பாத்திரங்களைப் பற்றி யோசிக்கப் புகுந்தால் எந்தப் பக்கம் போனாலும் அந்த இரண்டு சொல்லில்தான் வந்து முட்ட வேண்டியிருக்கிறது.

டெக்சஸில் இருக்கும் என் சித்தி மகன் கார் ஷெட்டில் பீர் காய்ச்சுகிறான். அங்கே அது குற்றமில்லை. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் என்று சொந்த உபயோகத்துக்கு வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ள விட்டது. இங்கிலாந்தில் 1963இலேயே அதற்கு உரிமம் வேண்டாம் என்றாகிவிட்டது. பீருக்குத் தந்த சலுகையை வடித்தெடுக்கும் சாராயத்துக்கு அமெரிக்கச் சட்டம் தரவில்லை. அதன் காரணத்துக்குப் பிறகு வருகிறேன். இவனிடம் இருப்பது நாற்பது லிட்டர் எவர்சில்வர் அண்டா, அதன் அடிப்பக்கம் துளைபோட்டு மாட்டிய பால் வால்வு, ஒரு சின்ன பம்ப், நொதிக்க வைக்க மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி. எல்லாம் அவனே துளைத்து, அவனே பூட்டியது. எல்லாம் ஒழுகியது.

வால்வை அவன் ஊருக்கு வந்திருந்தபோது திருத்தணி ம.பொ.சி. சாலையில் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போயிருந்தான். அரை அங்குலப் பித்தளை வால்வு. அதில் மாட்டிய நிப்பிள் அமெரிக்காவில் வாங்கியது. எங்கள் தெருவுக்கு வழக்கமாக வருகிற பிளம்பர் அண்ணனை உட்காரவைத்து வீடியோவில் பஞ்சாயத்து நடந்தது.

"டேப்ப எந்தப் பக்கமா சுத்துன தம்பி?"

"மரை போற பக்கமாதான்ணே."

"எத்தினி சுத்து?"

"பதினஞ்சு இருக்கும்."

"பதினஞ்சா? அவ்ளோ சுத்தி முறுக்குனா வால்வு வாய் பொளந்துக்கும்பா. சரி, நிப்பிள் எங்க வாங்குன?"

சொன்னான். அண்ணன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரு வேற, மரை வேற. அது சேந்த மாதிரி காட்டும், சேராது" என்றார்.

அமெரிக்க மரையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் சரியாகச் சொல்லிவிட்டார். நம் நாட்டில் குழாய் மரை பிரிட்டிஷ் அளவில் வெட்டப்படுகிறது. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற மான்செஸ்டர் பொறியாளர் வகுத்த 55 டிகிரிப் பல் அதில் இருக்கிறது. அமெரிக்கப் பல் 60 டிகிரி. கால் அங்குலக் குழாயாக இருந்தால் ஓர் அங்குலத்துக்கு இங்கே 19 பல், அங்கே 18. இரண்டு சுற்றிலேயே முறுக்கிக்கொண்டு நின்றுவிடும், ஆள் உஷாராகிவிடுவான். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும்தான் வினை. இரண்டு நாட்டிலும் அங்குலத்துக்கு 14 பல். ஆகவே ஒன்றுக்குள் ஒன்று இனிமையாக ஏறும், இறுகும், கை திருப்தியடையும். பல்லின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவே சுருளாக ஓர் இடுக்கு மட்டும் கடைசிவரை திறந்தே இருக்கும். அந்த வழியாக இனிப்புக் கஞ்சி சொட்டும். துளியும் பொருந்தாதது நம்மை ஏமாற்றுவதில்லை, முக்கால்வாசி பொருந்துவதுதான் ஏமாற்றுகிறது. அமெரிக்க வால்வு ஒன்றை அங்கேயே வாங்கியதும் அந்த ஒழுகல் நின்றது.

அடுத்தது அண்டாவின் சுவரில். துளைக்குள் நுழைகிற நிப்பிளுக்கு ஒரு பக்கம் நட்டு, ஒரு பக்கம் வாஷர், நடுவில் சிலிக்கோன் வளையம். சொட்டும்போதெல்லாம் தம்பி நட்டை இன்னும் கால் சுற்று முறுக்கியிருக்கிறான். வளையம் பிதுங்கி ஒரு பக்கமாக வெளியே வந்துவிட்டது. அண்டாவின் சுவர் வளைவானது, வாஷர் தட்டையானது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை நிரப்பத்தான் வளையம் மெத்தென்று இருக்கிறது. அதை நசுக்கிவிட்டால் நிரப்ப ஆளில்லை. கூடவே, துளை போட்டபோது விளிம்பில் நின்ற பிசிறை அவன் அரம் வைத்து ராவவில்லை. அது வளையத்தைக் கீறியிருந்தது. பிசிறை எடு, புது வளையம் போடு, கையால் முறுக்கி நிறுத்தி, ஸ்பேனரில் அரைக்கால் சுற்று, அதற்கு மேல் தொடாதே என்றார் அண்ணன். ஒழுகினால் இறுக்கு என்பது எல்லோருக்கும் கைப்பழக்கமாக வருவது. இறுக்கியதால்தான் ஒழுகுகிறது என்பது பழகிய கைக்கு மட்டும் தெரியும் போலிருக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் நான் குறுக்கிட வேண்டியிருந்தது. சணலும் வெள்ளையும் வைத்துக் கட்டினால் ஆயுசுக்கும் விடாது என்றார் அண்ணன். பழைய ஜி.ஐ. வேலைக்கு அது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து வெள்ளை என்பது ஈய வெள்ளை. பீர் புளிப்பானது. புளிப்பு ஈயத்தை இழுத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வயிற்றுவலியிலும் கைகால் முடக்கத்திலும் கிடந்தார்கள். மது அச்சுகளில் பூசிய ஈயமே காரணம் என்று 1767இல் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் காட்டினார். ஊரார் அவர்மேல் கோபப்பட்டார்கள். அமெரிக்கக் காடுகளில் கள்ளத்தனமாகச் சாராயம் வடித்தவர்கள் ஆவியைக் குளிர்விக்கப் பழைய கார் ரேடியேட்டரை மாட்டினார்கள். அதன் பற்றவைப்பிலும் ஈயம். குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் போயிற்று. இணைப்பை எதைக்கொண்டு அடைக்கிறோமோ அதையும் சேர்த்துத்தான் குடிக்கிறோம். எம்-சீல் வைத்துப் பூசிவிடலாமா என்று தம்பி கேட்டதற்கும் இதே பதில்தான். கொதிக்கிற அண்டாவில் டெஃப்லான் டேப்பும் சிலிக்கோனும் போதும்.

தொண்டை நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதும்போது பெரும்பாணாற்றுப்படையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. பாணன் வழியில் காணும் ஊர்களைச் சொல்லிக்கொண்டு போகையில், வீட்டிலேயே சமைத்த தோப்பி என்னும் நெற்கள்ளைக் குடிப்பவர்கள் வருகிறார்கள். பிறகு வலைஞர் குடியிருப்பில் செய்முறையே வருகிறது: அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பிழாவில் ஊற்றி ஆற்றி, நெல்முளையைச் சேர்த்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வாய் உறுதியான சாடியில் விளைவித்து, விரலால் அலைத்துப் பிழிவது. முளைகட்டிய தானியம், கஞ்சி, ஆறவிடல், நொதி, சாடி. டெக்சஸ் கார் ஷெட்டில் நடப்பதும் இதுதான், தானியம் பார்லி என்பது தவிர. ஒரு வித்தியாசம்: வலைஞர் வீட்டில் பொருந்துவாயே இல்லை. வால்வு கிடையாது, நிப்பிள் கிடையாது. இருப்பது சாடியின் வாய் ஒன்றுதான். ஒழுகுவதற்கு அங்கே எதுவுமில்லை.

வீட்டுச் சாடியிலிருந்து அந்தப் பானம் எப்போது வெளியேறியது என்று யாரும் தேதி குறிக்க முடியாது. சட்டம் வந்த தேதிகளைச் சொல்லலாம். திருத்தணிக்கு மதுவிலக்கு சென்னைக்குப் பத்தாண்டு முன்பே வந்துவிட்டது. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்தார். 1938இல் சித்தூருக்கும் கடப்பைக்கும் நீட்டினார். அன்றைக்குத் திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. உலகப் போரின் நடுவில் நிறுத்திவைத்து, மறுபடி கொண்டுவந்து, 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுக்கவும் வறண்டது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூரோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல் இந்தப் பக்கம் வந்தது. வாங்கித் தந்தவர்களில் முதல் பெயர் ம.பொ.சி. கள்ளிறக்கும் தொழில் கொண்ட கிராமணி குலத்தில் பிறந்து, மதுவிலக்கை ஆதரித்த காங்கிரஸ்காரர். தன் சொந்தச் சாதியின் பிழைப்பை எதிர்த்து மேடையேறுவது எல்லை கேட்டுச் சிறைபோவதைவிடக் கடினமாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. அவர் பெயர் கொண்ட சாலையில்தான் தம்பி வால்வு வாங்கினான்.

அப்புறம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் கள்ளும் சாராயமும் திரும்பின, 1987 ஜனவரி 1இல் போயின. கள் அதற்குப் பிறகு வரவேயில்லை. 2003 நவம்பரில் அரசே டாஸ்மாக் கடை போட்டுச் சில்லறையில் விற்க ஆரம்பித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியிலும் புத்தூரிலும், கள் இறக்கி விற்பது சட்டப்படி நடக்கும் தொழில். இங்கே பனையேறுகிறவர் பானைக்குள் சுண்ணாம்பு தடவிப் பதநீராகத்தான் இறக்கலாம். தடவ மறந்தால் குற்றம். மரம் இரண்டு பக்கமும் ஒரே மரம்.

ஆந்திரத்திலும் கதை நேராக இல்லை. நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு 1992இல் மாநிலத்தையே பிடித்துக்கொண்டது. 1993 அக்டோபரில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். 1997இல் அது தளர்ந்தது. அந்த இரண்டு ஆண்டு எல்லை எதிர்ப்பக்கமாக ஒழுகியது, அங்கிருந்து ஆட்கள் இங்கே வந்தார்கள். துபகுண்டாப் பெண்களை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். கூலி முழுவதும் சாராயக் கடையில் கரைகிற வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். மூடச் சொன்னவர்களிலேயே மிக நியாயமான காரணம் அவர்களுடையது. அதே நியாயத்தை வேட்டியில் முடிந்துகொண்டு மேடையேறியவர்களைப் பற்றி எனக்கு அந்த மரியாதை இல்லை.

பிளம்பர் அண்ணன் கேட்டார்: "அங்கதான் கடையில கிடைக்குதே, அப்புறம் எதுக்குய்யா இந்தத் தம்பிக்கு இவ்ளோ பாடு?" நியாயமான கேள்வி. தம்பி சொன்ன பதில் அவருக்கு எட்டவில்லை. ருசி, பொழுதுபோக்கு, சொந்தக் கையால் செய்தது என்றெல்லாம் சொன்னான். தமிழ்நாட்டில் குடிக்கு இரண்டே இடம்: அரசாங்கத்தின் கம்பிபோட்ட கவுண்டர், இல்லாவிட்டால் முள்ளுக்காடு. வீடு என்ற மூன்றாவது இடம் நம் கற்பனையிலேயே இல்லாமல் போய்விட்டது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தானியம் அளந்து தர, மாமனார் தெர்மாமீட்டர் பார்க்க, வாரக்கடைசியில் நிதானமாகக் காய்ச்சி, மூன்று வாரம் கழித்து இரண்டு டம்ளர் குடிப்பது என்பது அண்ணனுக்கு மட்டுமல்ல, எனக்கும் ஒரு வெளிநாட்டுப் படக் காட்சியாகத்தான் தெரிகிறது. அப்படி இருந்தால் நாம் அளவோடு குடிப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

முள்ளுக்காட்டுக்கு வருவோம். வெல்லமும் வெள்வேலம்பட்டையும் ஊறப்போட்டது ஊறல். அதைப் பானையில் காய்ச்சி ஆவியைக் குளிரவைத்தால் பட்டைச் சாராயம். அமெரிக்காக்காரன் பீரை விட்டுவிட்டு இதை விடாததற்கு முதல் காரணம் வரி. இன்னொரு காரணம் பொருந்துவாயில் இருக்கிறது. பீர் அண்டா ஒழுகினால் தரை பிசுபிசுக்கும். சாராயப் பானை ஒழுகினால் வருவது ஆவி. 78 டிகிரியில் எழும் அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் கீழே இறங்கும். கீழே அடுப்பு எரிகிறது.

இன்னொரு விதமான ஒழுகலும் உண்டு, அது சொட்டாது. தம்பியின் கடைசிப் புகார் அதைப் பற்றியதுதான். எல்லா இணைப்பும் காய்ந்து கிடக்கிறது, ஆனால் பீர் ஒரு மாதத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடிக்கிறது. காற்று பட்ட பீர் அப்படித்தான் ஆகும். பம்புக்கு முன்னால், உறிஞ்சுகிற பக்கத்தில், கிளிப் தளர்ந்திருந்தது. அங்கே உள்ளே அழுத்தம் குறைவு. ஆகவே பானம் வெளியே வராது, வெளிக்காற்று உள்ளே போகும். ஈரம் பார்த்துத் தேடுகிறவனுக்கு ஆயுசுக்கும் அகப்படாது. பம்பை ஓடவிட்டு, கண்ணாடிபோன்ற டியூபில் குமிழி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கல்வராயன் மலையில், ஜவ்வாது மலையில் போலீஸ் ஊறலைக் கொட்டி அழிக்கிற படம் ஆண்டு முழுவதும் பத்திரிகையில் வரும். அது கண்ணுக்குத் தெரியும் ஒழுகல். 2023 மே மாதம் மரக்காணத்திலும் சித்தாமூர்ப் பக்கத்திலும் 20க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் ஊறலிலிருந்து வந்தது அல்ல. அது தொழிற்சாலைக்கான மெத்தனால். வெல்லம் நொதித்து இந்த அளவு மெத்தனால் உண்டாகாது. ரசாயனக் கிடங்கிலிருந்து டிரம்மில் நகர்ந்து, கை மாறி, தண்ணீர் கலந்து, பாக்கெட்டில் அடைபட்டு வந்தது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் போவது கண் நரம்பு. மலையில் பானைகளை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சமவெளியில் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 1937ஆம் ஆண்டின் சட்டத்தையே திருத்தி, உயிர்ப்பலி நேர்ந்தால் ஆயுள் தண்டனை என்று ஆக்கினார்கள். நட்டு இன்னும் கால் சுற்று முறுக்கப்பட்டது.

பட்டைச் சாராயம் நல்லது, மெத்தனால் கெட்டது என்று சிலர் இதிலிருந்து ஒரு பழங்காலப் பாட்டைப் பாட ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் பானையில் வடிக்கத் தெரிந்தவனிடம் ஒரு கைவேலை இருந்தது. டிரம்மிலிருந்து பாக்கெட்டுக்கு ஊற்றுகிறவனுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கைவேலையின் சட்டப்படியான கிளை ஒன்று சித்த மருத்துவத்தில் உயிரோடு இருக்கிறது. ஓமத்தீநீர் வடிக்கிற வாலை அமைப்பில் சாராயப் பானைக்குப் பங்காளிதான்: கீழே கொதிகலம், மேலே தலை, குளிர்நீர், ஒழுகுகிற மூக்கு. சுவரில் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி வாங்கிய உரிமம் தொங்கும். கலமும் தலையும் சேருகிற பொருந்துவாய்க்கு மண்ணும் சீலையும். களிமண்ணையோ புற்றுமண்ணையோ குழைத்துத் துணியில் பூசிச் சுற்றுவது சீலைமண். பற்பத்துக்கும் செந்தூரத்துக்கும் அகலை மூடிப் புடம் போடும்போது ஏழு சீலை என்று நூல்கள் கணக்குச் சொல்லும். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. வடக்கே கன்னோஜில் அத்தர் வடிக்கிறவர்களும் செப்பு அண்டாவின் மூடியை மண்ணும் பஞ்சும் வைத்துத்தான் அடைக்கிறார்கள். பிரியாணிக்குத் தம் போடும்போது கோதுமை மாவு.

மண்ணும் மாவும் வறுமையால் வந்தவை என்று நான் நினைத்திருந்தேன். அவற்றுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. வடிகுழாய் இலையோ தூளோ சிக்கி அடைத்துக்கொண்டால், உள்ளே ஏறுகிற ஆவி எங்காவது போயாக வேண்டும். மாவு அடைப்பாக இருந்தால் அந்த இடம் பிளந்து புஸ்ஸென்று ஆவி வெளியேறும். வேலை கெடும், அவ்வளவுதான். ஈயம் வைத்துப் பற்றவைத்த கலமாக இருந்தால் கலமே வெடிக்கும். வடிக்கத் தெரிந்தவர்கள் கலத்தைவிட அடைப்பைப் பலவீனமாக வைத்திருப்பது தெரிந்தே செய்வது.

இதைப் பிளம்பர் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "விட்டுப்போற மாதிரி அடைக்கறதுக்கு எவன்யா கூலி குடுப்பான்?"

"கீசருக்கு மட்டும் சேஃப்டி வால்வு வைக்கிறீங்களே அண்ணே?"

"அது கம்பெனிக்காரன் வைக்கச் சொல்றான், வைக்கறேன்" என்றார்.